டெண்டர் கண்காணிக்க வெப்சைட் மட்டும் போதுமா?

கேள்வி: நாங்க தமிழ்நாட்டுல ஒரு சின்ன நகராட்சில இருக்கற பசங்க, எங்க ஊர் டெண்டர் எல்லாத்தையும் ஒரே இடத்துல காட்டற மாதிரி வெப்சைட் பண்ணலாம்னு இருக்கோம். உக்ரைனோட ஆன்லைன் அரசாங்க டெண்டர் சிஸ்டம் ப்ரோசோரோ ஓப்பன் சோர்ஸ்தானே, அந்த கோட எடுத்துப் போட்டா வேலை ஆகுமா? யார் யார்கிட்ட பேசணும்?

பதில்: கோட் தாராளமா எடுக்கலாம், இருக்கறதுலயே ஈஸியான வேலை அதுதான். ஆனா அதுக்கு முன்னாடி அங்க யாரு காசு போட்டாங்க, டேட்டா யாரு கையில இருந்துச்சு, புகார யாரு கேட்டாங்கன்னு பாத்துருங்க.

2014ல உக்ரைன்ல மைதான்னு சொல்ற மக்கள் போராட்டம் முடிஞ்சு புது அரசாங்கம் வந்தப்போ கஜானால பணமும் இல்ல, அரசாங்க டெண்டர நம்பவும் ஆள் இல்ல. அப்போ தன்னார்வலர்கள் சில பேர் ஆன்லைன் டெண்டர் தொழில்ல இருந்த 7 தனியார் கம்பெனிகள உக்கார வெச்சு பேசி, ஆளுக்கு 5,000 டாலர்னு 35,000 டாலர் போட வெச்சு முதல் வெர்ஷன எழுதினாங்க. எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் போட்டிக் கம்பெனி, யாரு யார நம்புவா? அதனால சிஸ்டம ஊழல எதிர்க்கற ட்ரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் உக்ரைன்ங்கற அமைப்பு கையில குடுத்து வெச்சாங்க, அப்புறமாதான் அது அரசு நிறுவனத்துக்கு மாறுச்சு. இன்னைக்கும் நடுவுல இருக்கற டேட்டாபேஸ் அரசாங்கத்தோடது, அதுல ஏலம் கேக்க வர்றவங்கள தனியார் தளங்கள் கூட்டிட்டு வந்து கட்டணம் வாங்கிக்கும், எந்தத் தளம் வழியா வந்தாலும் தெரியறது ஒரே டெண்டர்தான். ஏலம் நடக்கும்போது விலை மட்டும் தெரியும், பேர் தெரியாது, முடிஞ்சதும் தோத்தவங்க குடுத்த ஆவணம் உட்பட கிட்டத்தட்ட எல்லாம் வெளிய வந்துரும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அவங்க ஆரம்பிச்ச இடம். 2015 பிப்ரவரில பைலட், அதாவது சோதனை ஓட்டம், தொடங்கறப்போ சட்டத்த தொடவே இல்ல, பழைய சட்டத்துக்குள்ள வராத சின்னத் தொகை கொள்முதல் மட்டும், அதுவும் விருப்பப்பட்ட ஆபீஸ்கள வெச்சு. அதுல கிடைச்ச ரிசல்ட்ட காட்டித்தான் டிசம்பர்ல சட்டம் வாங்கினாங்க, 2016 ஆகஸ்ட் 1லேர்ந்து எல்லாருக்கும் கட்டாயம்.

இவ்ளோ இருந்தும் 2023 ஜனவரில உக்ரைன் பாதுகாப்பு அமைச்சகம் முட்டை ஒன்னு 17 ஹ்ரிவ்னியான்னு (அவங்க ஊர் பணம்) ஒப்பந்தம் போட்டது பத்திரிகைல வந்துச்சு, தலைநகர் கீவ் கடைல அப்போ கிட்டத்தட்ட 7தான். போர்னு சொல்லி ராணுவக் கொள்முதல மூடி வெச்சிருந்தாங்க. துணை அமைச்சர் ஒருத்தர் பதவி விலகினாரு, அதுக்கப்புறம் ராணுவம் வாங்கற சாப்பாட்டு சாமான் விலைய வெளியிடணும்னு சட்டம் வந்துச்சு.

இப்போ உங்க ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டுல 1998லயே டெண்டர் வெளிப்படைத்தன்மை சட்டம் இருக்கு, டெண்டர் புல்லட்டின் இருக்கு, ஆன்லைன் போர்ட்டலும் இருக்கு, அதனால அறிவிப்பு எடுத்துப் போடறது மட்டும்னா பெருசா புதுசு இல்ல. அந்தச் சட்டத்தோட பிரிவு 11 படி முடிவ எதிர்த்து 10 நாளுக்குள்ள அரசாங்கத்துக்கு மேல்முறையீடு பண்ணலாம், ஆனா டெண்டர் போட்டவர்தான் பண்ண முடியும், ஊர்க்காரங்க முடியாது. அதனால நீங்க முதல்ல தேட வேண்டியது தோத்துப்போன கான்ட்ராக்டர்கள. பில் தொகை எங்க ஊதிப் பெருகுது, எந்த நிபந்தனை யாருக்காகப் போட்டதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். என்ன, அடுத்த டெண்டர் போயிருமோன்னு தனியா பேச பயப்படுவாங்க, சங்கமா இருந்தா அந்த வழியா போங்க.

அடுத்து நகராட்சில இன்ஜினியர், அக்கவுன்ட்ஸ் பாக்கறவர். திருடனப் பிடிக்க வந்த மாதிரி போனீங்கன்னா ஃபைல் அலமாரிய விட்டு நகராது. சைட்ல அவங்க பக்கத்து விளக்கம் போட ஒரு இடம் குடுங்க. உக்ரைன்ல 2016 கடைசில வந்த டோசோரோங்கற கண்காணிப்புத் தளத்துல பொதுமக்கள் கருத்து எழுதலாம், வாங்கற ஆபீஸும் அதுலயே பதில் சொல்லலாம், அதான் அது ஓடுது.

சாஃப்ட்வேருக்கு முன்னாடி ஒரே ஒரு முடிஞ்ச வேலைய, ஒரு ரோடோ கால்வாயோ எடுத்துக்கோங்க. 10 ரூபா கட்டணத்தோட ஆர்டிஐ மனு போட்டு மதிப்பீடு, விலை ஒப்பீட்டு அட்டவணை, வொர்க் ஆர்டர், எம் புக் (செஞ்ச வேலைய அளந்து எழுதற அளவுப் புத்தகம்), கடைசி பில் இந்த அஞ்சையும் கேளுங்க, பொதுவா 30 நாள்ல பதில் வரணும். வணிக ரகசியம்னு மறுத்தா, வேலை முடிஞ்சு பணமும் குடுத்தாச்சுன்னு சொல்லி முதல் மேல்முறையீடு போடுங்க. எம் புக் அளவும் பில்லும் ஒத்துப்போகுதான்னு பாத்துட்டு எழுதுங்க, எந்தெந்த தகவல் சைட்ல வேணும்னு அப்போ பேசலாம்.