செபுவில் அரை நாள், கூடவே அம்மா

முழங்கால் வலியுள்ள அம்மாவோடு பிலிப்பைன்ஸின் செபு நகரில் அரை நாள்தான் என்கிறீர்கள். தாராளமாகப் போதும். கடலோடி மெகல்லன் நட்ட மெகல்லன் சிலுவையும் சாந்தோ நின்யோ பசிலிக்கா தேவாலயமும் அடுத்தடுத்தே இருக்கின்றன. சிலுவை மண்டபத்தில் கூரை ஓவியத்தை அண்ணாந்து பாருங்கள். 1521-இல் நட்ட மரச் சிலுவையை ஆளாளுக்குச் செதுக்கிக்கொண்டு போனதால் வேறு மரத்தால் உறை போட்டதாக அங்கே எழுதியிருக்கும். பசிலிக்காவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், கூட்டம் நெரியும். அங்குள்ள குழந்தை இயேசு சிலை மெகல்லன் செபு அரசிக்குக் கொடுத்தது. 1565-இல் அதை எரிந்த வீடொன்றில் ஸ்பானியர் கண்டெடுத்தார்கள். முக்கோணமான சான் பெத்ரோ கோட்டைக்கு டாக்ஸி பிடியுங்கள். மதில்மேல் ஏற அம்மாவை இழுக்காதீர்கள். மெகல்லனை எதிர்த்து வென்ற உள்ளூர்த் தலைவர் லாப்பு-லாப்புவின் சிலை மக்டன் தீவில். விமான நிலையமும் அங்கேதான், கிளம்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.