காலை 7 மணி மதிப்பெண்ணை வைத்துப் பிரிவை மாற்ற வேண்டாம்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு வரை நன்றாகப் படித்த மகன் பதினொன்றாம் வகுப்பு அறிவியல் பிரிவில் சேர்ந்த ஆறே மாதத்தில் கணக்கில் தடுமாறுகிறான், காலையில் எழுப்பினால் எரிந்து விழுகிறான், வணிகவியலுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய தேர்வுத்தாள்களைத் தேதியும் நேரமும் பார்த்துப் பிரித்து அடுக்கினேன். மதிப்பெண் சரிந்தவை அனைத்தும் பதினொன்றும் பன்னிரண்டும் நடக்கும் ஜூனியர் கல்லூரியில் காலை 7 மணிக்கு எழுதியவை. அதே பாடத்தைக் கோச்சிங் வகுப்பில் மாலையில் எழுதும்போது அவன் பழைய பையனாகவே இருக்கிறான். கணக்கு வராத பிள்ளைக்கு மாலையில் மட்டும் வந்துவிடாது.

பதின்பருவத்தில் உடலின் உள்கடிகாரம் பின்தள்ளிப் போகிறது. உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின், சிறுவயதில் சுரக்கத் தொடங்கிய நேரத்தைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரப்பதால், சீக்கிரம் படுக்கச் சொன்னாலும் அவன் புரண்டுகொண்டுதான் கிடப்பான். அதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமில்லை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. நள்ளிரவில் படுத்து 5.15 மணிக்கு எழும் உங்கள் மகனுக்கு நாள்தோறும் இரண்டே முக்கால் மணி நேரமாவது கடன் விழுகிறது.

பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து படித்துத்தான் தாம் தேறியதாக அவனுடைய அப்பா சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் படித்தது சென்னையில். இந்திய நேரம் கணிக்கப்படும் தீர்க்கரேகைக்கு மும்பை வெகு மேற்கே இருப்பதால், இங்கே சூரியன் கடிகாரத்தைவிட 39 நிமிடம் பின்தங்கியே வருகிறது. பம்பாய் நேரம் என்று இந்நகரம் 1955 வரை தனிக் கணக்கு வைத்திருந்ததும் அந்த 39 நிமிடத்தினால்தான். ஜனவரி நடுவில் சென்னையில் 6.35 மணி அளவில் விடியும்போது, இங்கே 7.15 மணி ஆகிவிடுகிறது. உள்கடிகாரத்தை முன்னுக்கு இழுத்துவைப்பது காலை வெளிச்சம்தான் என்பதால், மாட்டுங்காவிலிருந்து இருட்டிலேயே புறப்பட்டு, விளக்கொளியில் முதல் வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு அது கிடைப்பதே இல்லை.

பள்ளி நேரத்தைத் தள்ளிவைத்தால் பிள்ளைகள் இன்னும் தாமதமாகத்தானே தூங்குவார்கள் என்ற கேள்வி எழலாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளை 7.50இலிருந்து 8.45 மணிக்கு மாற்றியபோது, மாணவர்களின் உறக்கம் 34 நிமிடம் கூடியதை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். மகாராஷ்டிர அரசு 2024இல் 9 மணிக்கு முன் வகுப்பு தொடங்கக் கூடாது என்று ஆணையிட்டது நான்காம் வகுப்பு வரைக்கும்தான். தாமாகவே விடியலில் எழுந்துவிடும் வயதினருக்குச் சலுகை கிடைத்தது. எழ முடியாத வயதினருக்கு இல்லை.

எனவே நேரத்தை நாம்தான் சரிக்கட்ட வேண்டும். இரவு 9.45 மணிக்கு வீடு திரும்பவைக்கும் கோச்சிங் வகுப்பைவிட, மதியம் நடக்கும் வகுப்போ வார இறுதி வகுப்போ இருந்தால் அதற்கு மாற்றுங்கள்; மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். கல்லூரியிலிருந்து வந்து சாப்பிட்டபின் 25 நிமிடம் தூங்கட்டும். மாலை 6 மணிக்குக் குடித்த ஃபில்டர் காபியின் வீரியத்தில் பாதி இரவு 11 மணிக்கும் உடலில் இருக்கும் என்பதால், அதை மதியத்தோடு நிறுத்திவிடலாம். ஞாயிறன்று பகல் 11 மணி வரை தூங்கவிட்டால் திங்கள் காலை இன்னும் கனக்கும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதல் போதும், எழுந்ததும் பால்கனி வெயிலில் நிற்கட்டும். இரவில் குறட்டையோ மூச்சுத் திணறலோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிரிவு மாற்றத்துக்கு வருகிறேன். அவன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் எந்தத் தேர்வும் காலை 7 மணிக்குத் தொடங்குவதில்லை. பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் காலை 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும், நீட் பிற்பகல் 2 மணிக்கும், மாநிலப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் காலைத் தாள் 11 மணிக்கும் தொடங்குகின்றன. மாதிரித் தேர்வுகளை வீட்டில் அந்த நேரங்களிலேயே ஐந்து வாரம் எழுதவையுங்கள். முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினான் என்பதையும் தாளின் ஓரத்தில் அவனே குறிக்கட்டும். அப்போதும் கணக்கு சரிந்தால், வணிகவியலைப் பற்றித் தயங்காமல் பேசுவோம். அதுவும் நல்ல படிப்பே. அந்தத் தாள்களுடன் அவனையும் செம்பூரில் உள்ள என் அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். காலை 11 மணிக்குமேல் எந்த நேரமானாலும் சரி.