இரண்டு ஃபைலிலும் ஒரே உண்மை இருக்கட்டும்

கேள்வி: என் கணவர் அரசு பஸ் கண்டக்டர். போன வருஷம் தாழையூத்து பக்கம் லாரி மோதி, மூளையில் ஆபரேஷன் நடந்தது. இப்போது நடக்கிறார், பேசுகிறார். மறதியும் கணக்கில் தடுமாற்றமும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு எட்டிக்கூடப் பார்க்காத டெப்போக்காரர்கள், இப்போது கேலி பேசி, விருப்ப ஓய்வு எழுதித் தரச் சொல்கிறார்கள். நெல்லையில் நஷ்டஈட்டு வழக்கும் நடக்கிறது. என்ன செய்ய? – வாசகி, முக்கூடல்

பதில்: அம்மா, கேலி வேதனைதான். ஆனால் வழக்குக்கு அது உதவாது, விட்டுவிடுங்கள். பணியில் சேர்ந்த பிறகு வந்த குறைபாடு இது. அது ஒன்றுதான் முக்கியம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 20(4)-ன்படி அரசு நிறுவனம் இதற்காக அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை ஒத்துவராவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். அவராகவே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தால் இந்தப் பாதுகாப்பைக் கேட்பது பெரும்பாடு. கையெழுத்துப் போட விடாதீர்கள்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். இப்படி வருகிற குடும்பங்கள், வேலை போய்விடுமே என்று டாக்டரிடம் கெஞ்சி ‘முழுத் தகுதி’ என்று சர்ட்டிபிகேட் வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் அந்த மனுஷன் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவார். மீதிச் சில்லறை தப்பும், கலெக்‌ஷன் இடிக்கும். செக்கிங் வந்தால் அது மறதி ஆகாது, கையாடல் ஆகிவிடும். சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் கடிதம்) வந்தபின் தலைக்காயத்தைச் சொன்னால், ‘முழுத் தகுதி என்று நீங்கள்தானே கொடுத்தீர்கள்?’ என்பார்கள். அதே குடும்பம் நஷ்டஈட்டு மனுவில் ‘இனி எந்த வேலையும் செய்ய முடியாது’ என்று எழுதியிருக்கும். இன்சூரன்ஸ் வக்கீல் இரண்டு காகிதத்தையும் அருகருகே வைத்துக் குறுக்கு விசாரணை செய்தால் சாட்சிக் கூண்டில் உங்கள் கணவர் என்ன சொல்வார்?

மறதி இருக்கிறது, காசு கணக்கு முடியாது, மேற்பார்வையில் வேறு வேலை முடியும். டாக்டர் அப்படியே எழுதட்டும், டெப்போ, கோர்ட் இரண்டு இடத்துக்கும் அதுவே போகட்டும். சம்பளம் குறையாமல் வேலை கிடைத்தால், வருமான இழப்பு என்று பெரிய தொகை வராது. அதனால் நஷ்டஈட்டு வழக்கை லோக் அதாலத்தில் (சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) நியாயமான தொகைக்கு முடித்துக்கொள்ளுங்கள். அங்கே முடிந்தால் அப்பீல் கிடையாது, தொகையை யோசித்து ஒப்புக்கொள்ளுங்கள். வேலையில் மட்டும் சமரசம் வேண்டாம். மாற்றுப்பணி கேட்டு இந்த வாரமே பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். சும்மா வீட்டில் இருந்தால் ஆப்சென்ட் என்று அதற்கொரு மெமோ வரும்.