பாருக்கு எழுதிய இரண்டாவது சுருள்

அன்புள்ள ஐயாவுக்கு, ஸ்தோத்திரம்.

ஆறு வருடங்களாக எங்கள் சபையின் மாதப் பத்திரிகைக்குத் தியானக் கட்டுரைகள் எழுதிவருகிறேன். மூன்று வருடம் உழைத்து ஒரு நாவலும் எழுதி முடித்தேன். மகனைப் பறிகொடுத்த ஒரு போதகரின் கதை. ஒரு பொதுப் பதிப்பகம் ‘ஜெபம் அதிகமாக இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பியது. ஒரு கிறிஸ்தவப் பதிப்பகம், போதகர் ஜெபிக்க முடியாமல் கிடக்கும் எட்டாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டால் பார்க்கலாம் என்றது. இன்னொரு இடத்திலிருந்து பதிலே இல்லை. ஐந்து மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. கர்த்தருடைய சித்தமாக இருந்தால் கதவு திறந்திருக்குமே? எழுத உட்கார்ந்தால், இந்த நேரத்தில் ஜெபித்திருக்கலாமே என்று மனம் குத்துகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் நாவல் நினைப்பு வருகிறது. புத்தகத்தில் என் பெயரைப் பார்க்கும் ஆசை உள்ளுக்குள் இருப்பதும் உண்மை. அதற்காகத்தான் அவர் தடுக்கிறாரோ? என் பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கதவு என்று சொன்னீர்கள் அல்லவா, அங்கிருந்தே தொடங்குகிறேன். சபைகளில் இது பழகிப்போன பேச்சு. நடந்தால் கதவு திறந்தது, நடக்காவிட்டால் அடைபட்டது. இப்படிப் பேசிப் பேசி, யாரோ ஒருவர் அனுப்பும் கடிதத்தைப் பரலோகத்தின் தீர்ப்பாக வாசிக்கக் கற்றுக்கொண்டோம். பதிப்பகத்தின் கடிதம் பதிப்பகத்தின் கடிதம்தான். அவர்களால் எதை விற்க முடியும், எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்பது அதில் தெரியும். உங்களைப் பற்றிக் கர்த்தர் என்ன நினைக்கிறார் என்பதை அதில் தேடாதீர்கள். நாளைக்கு ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று ஒரு கடிதம் வந்தாலும் அதிலும் தேடாதீர்கள். பின்னது இன்னும் கஷ்டம்.

வேதத்தில் எழுத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இருக்கிறார். நேரியாவின் மகன் பாருக்கு. எரேமியா 36ஆம் அதிகாரத்தை இன்றைக்கே ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். கி.மு. 605 வாக்கில், யோயாக்கீம் ராஜாவின் நாலாம் வருஷத்தில், எரேமியா சொல்லச் சொல்லப் பாருக்கு சுருளில் மையினால் எழுதுகிறார். தீர்க்கதரிசி அதுவரை பேசியது எல்லாம், இருபது வருடத்துக்கும் மேற்பட்ட பேச்சு. அடுத்த வருஷம் ஒன்பதாம் மாதத்தில் அது ராஜாவிடம் போகிறது. குளிர்காலம். ராஜாவுக்கு முன்னால் கணப்பு எரிகிறது. யெகுதி என்பவர் வாசிக்கிறார். மூன்று நாலு பத்தி முடிந்ததும் ராஜா சூரிக்கத்தியால் அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் போடுகிறார். மறுபடி வாசிப்பு, மறுபடி கத்தி. கோபத்தில் ஒரே வீச்சாகத் தூக்கி எறியவில்லை. வாசிக்கக் கேட்டு, அளந்து, அறுத்து, கடைசிவரை எரித்தார்.

அங்கே மூன்று பேர் ‘எரிக்க வேண்டாம்’ என்று கெஞ்சினார்கள் என்பதையும் அந்த அதிகாரம் சொல்கிறது. எல்நாத்தான், தெலாயா, கெமரியா. ராஜா கேட்கவில்லை. ஆனால் அந்தச் சுருளுக்காக வாய் திறந்தவர்கள் அவர்கள். பாருக்குவுக்கு அது அன்றைக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. உங்கள் தியானக் கட்டுரையை வெட்டி வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கும் யாரோ ஒருவரை உங்களுக்கும் தெரியாது.

அப்புறம் கர்த்தர் என்ன சொன்னார்? ராஜா மறுத்துவிட்டான், சித்தம் இல்லை, விட்டுவிடு என்று சொல்லவில்லை. வேறொரு சுருளை எடுத்து மறுபடியும் எழுது என்றார். பாருக்கு முதல் வரியிலிருந்து உட்கார்ந்து எழுதினார். அந்த அதிகாரத்தின் கடைசி வசனம் இன்னொன்றையும் சொல்கிறது: எரிந்துபோன வார்த்தைகளோடு இன்னும் அநேக வார்த்தைகள் சேர்ந்தன. இரண்டாவது சுருள் முதலாவதைவிடப் பெரியது.

சோர்வைப் பற்றியும் பாருக்குவிடம் ஒரு செய்தி இருக்கிறது. 45ஆம் அதிகாரம் மிகச் சிறியது, ஐந்தே வசனங்கள். ‘தவித்து இளைத்தேன், இளைப்பாறுதல் காணவில்லை’ என்று அவர் புலம்புகிறார். எப்போது? அதே நாலாம் வருஷத்தில், முதல் சுருளை எழுதும்போது. கணப்பு எரிவதற்கு முன்பே. ஆகவே இளைப்பு நிராகரிப்பால் மட்டும் வருவதில்லை. அந்த வேலைக்குள்ளேயே அது இருக்கிறது. உங்கள் ஐந்து மாதச் சோர்வும் இரண்டு கடிதங்களாலும் ஒரு மௌனத்தாலும் மட்டும் வந்தது என்று நான் நினைக்கவில்லை. மகனைப் பறிகொடுத்த ஒரு மனிதரோடு மூன்று வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறீர்கள். இளைக்காமல் என்ன செய்யும்?

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். ஒரு கையெழுத்துப் பிரதி 14 மாதம் கழித்துத் திரும்பி வந்தது. உறையைப் பிரித்துப் பார்த்தேன். முதல் பத்துப் பக்கங்களின் மூலை கொஞ்சம் சுருண்டிருந்தது, ஒன்றில் விரல் ரேகை. பதினொன்றாம் பக்கத்திலிருந்து தாள்கள் நான் அடுக்கியபடியே நேராக இருந்தன. யாரும் புரட்டவில்லை. கட்டை அப்படியே பரணில் வைத்தேன், நாலு வருடம் தொடவில்லை. யாராவது கேட்டால் ‘கர்த்தருடைய சித்தத்துக்கு விட்டுவிட்டேன்’ என்பேன். அது ஒப்புக்கொடுத்தல் அல்ல சகோதரி, கோபம். கோபத்துக்குப் பக்தியின் பெயரைச் சூட்டி நாலு வருடம் ஓட்டினேன். மறுபடி எடுத்து வாசித்தபோது, அந்தப் பத்துப் பக்கங்கள் உண்மையிலேயே சரியில்லை என்று தெரிந்தது. கதை தொடங்குவதே பன்னிரண்டாம் பக்கத்தில்தான். வாசித்தவர் செய்தது நியாயமா என்பது வேறு விஷயம். ஆனால் எனக்கு வேலை பாக்கி இருந்தது.

அதனால் ‘ஜெபம் அதிகம்’ என்று சொன்னவரின் பேச்சையும் உடனே தள்ளிவிடாதீர்கள். உலகத்தார் அப்படித்தான் சொல்வார்கள் என்று நம்மவர்கள் ஆறுதல் சொல்வார்கள், கேட்காதீர்கள். நாவலில் எத்தனை இடத்தில் ஜெபம் முழு வாசகமாக வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் முழங்கால் போடுவதைக் காட்டினால் போதும் என்ற இடத்தில் ஒரு பக்கம் ஜெபத்தை எழுதினால் அது பிரசங்கமாகிவிடும். எந்த ஜெபம் கதையை மாற்றுகிறதோ அதை மட்டும் முழுதாக வையுங்கள். ‘கர்த்தர் கொடுத்தது, கைவைக்க மாட்டேன்’ என்று சொல்லும் எழுத்தாளர்களை எனக்குத் தெரியும். லூக்கா தம் சுவிசேஷத்தின் முதல் நாலு வசனங்களில் என்ன சொல்கிறார்? ஆதிமுதல் எல்லாவற்றையும் விசாரித்து அறிந்து, ஒழுங்காய் எழுதுவதாகச் சொல்கிறார். ஆவியானவரின் ஏவுதல் அவருக்கு விசாரிக்கும் வேலையை மிச்சப்படுத்தவில்லை.

ஆனால் எட்டாம் அத்தியாயத்தை எடுக்காதீர்கள். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. 88ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியில் ஒரு திருப்பம் வரும், துதி வரும். இதில் வராது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள்தான். அதைத் தொகுத்தவர்கள் கடைசியில் ஒரு அல்லேலூயாவை ஒட்டவைக்கவில்லை. மகன் செத்துப்போன வீட்டில் ஒரு போதகர் வாய் திறக்க முடியாமல் கிடப்பதை எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டால் ஒன்பதாம் அத்தியாயத்தில் அவர் எழுந்து நிற்பதை யார் நம்புவார்கள்?

ஜெபமா எழுத்தா என்ற குத்தலுக்கு வருகிறேன். இரண்டுக்கும் தனித்தனி நேரம் வைத்துவிடுங்கள். காலையில் அரை மணி ஜெபம், பிறகு ஒரு மணி எழுத்து, எது எப்படிப் போனாலும். எழுதும் மணியில் எழுதினால் போதும், அந்த நேரத்தில் உங்களிடம் கேட்கப்படுவது அதுதான். ஜெபத்தில் நாவல் நினைப்பு வந்தால் விரட்டாதீர்கள். அந்தப் போதகர் வந்து நின்றால், அவரைப்போல நிஜமாகவே பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்காக ஜெபியுங்கள். உங்கள் சபையிலேயே ஒரு முகம் நினைவுக்கு வரும். உற்சாகம் வரட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். எனக்குத் தெரிந்து அது பெரும்பாலும் நாலைந்து பத்தி எழுதின பிறகுதான் வருகிறது. சில நாள் அதுவும் வராது.

பெயர் ஆசை. ‘நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே’ என்று பாருக்குவிடம் கர்த்தர் சொன்னது அந்த 45ஆம் அதிகாரத்தில்தான். கடுமையான வார்த்தை, நானும் அதற்குக் கீழே நிற்கிறேன். ஆனால் அவர் எழுதுவதை நிறுத்தச் சொல்லவில்லை, பாருக்குவின் பெயரை அழிக்கவும் இல்லை. ரோமர் நிருபத்தையும் பாருங்கள். கிரேக்கத்தில் ஏறக்குறைய 7,000 சொற்கள். பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர் கடைசி அதிகாரத்தில், 16:22இல், ஒரே ஒரு வரியில் தலைகாட்டுகிறார். இந்த நிருபத்தை எழுதின தெர்தியுவாகிய நானும் கர்த்தருக்குள் உங்களை வாழ்த்துகிறேன் என்கிறார். பவுல் அந்த வரியை அடிக்கவில்லை. நான் இங்கே இருந்தேன், என் கைதான் எழுதியது என்று சொல்வதில் பாவம் இல்லை. அந்த ஒரு வரிக்காக மீதி நிருபத்தை வளைக்கத் தொடங்கினால்தான் பயப்பட வேண்டும். எட்டாம் அத்தியாயத்தை எடுத்தால் புத்தகம் வரும், பெயரும் வரும் என்று தெரிந்தும் நீங்கள் எடுக்கவில்லை. உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள்.

சபைப் பத்திரிகையை நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோனது எனக்கு வருத்தமாக இருந்தது. கிறிஸ்தவக் கவிஞர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ஞானஸ்நானம் பெற்றது 1858இல். அவருடைய இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியம் நூலாக வந்தது 1894இல். இடையில் வருடக்கணக்காக அது ஒரு கிறிஸ்தவ மாதப் பத்திரிகையில்தான் பகுதி பகுதியாக வந்துகொண்டிருந்தது. தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1719இல் 36 வயதில் இறந்தபோது அவருடைய தமிழ்ப் பழைய ஏற்பாடு ரூத் வரைதான் வந்திருந்தது. மீதியை முடித்தவர் அவருக்குப் பின் வந்த சூல்ச். ரூத்தோடு நின்றுபோன அந்தத் தாள்களை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அச்சில் முழுதாகப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதற்காக ரூத்தை அவர் அவசரமாக எழுதியிருக்க மாட்டார்.

இந்த மாதப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை கொடுத்துவிடுங்கள், சிறியதானாலும் சரி. நாவலை அடுத்த மாதம் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள். எட்டாம் அத்தியாயத்தை எனக்கு அனுப்பிவையுங்கள். திருத்திவிட்டு அனுப்பலாம் என்று காத்திருக்க வேண்டாம், இப்போது இருப்பது போலவே அனுப்புங்கள். எல்லாப் பக்கங்களையும் வாசிப்பேன்.

அன்புடன்.