பேக்கப் சரி, ரீஸ்டோர் ஆகுமா?

கே: வேளச்சேரியில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பில்லிங் சாஃப்ட்வேர் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் ஓடுகிறது. தினமும் ராத்திரி அதன் டேட்டா ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் காப்பி பண்ணிவிடுகிறேன். இது போதும்தானே சார்?

ப: சர்வரை நிறுத்திவிட்டுக் காப்பி எடுக்கிறீர்களா, ஓடும்போதேவா என்று எழுதவில்லையே. ஓடும்போதே என்றால் அந்தப் பென் டிரைவை நம்ப வேண்டாம். மைஎஸ்க்யூஎல் எல்லாவற்றையும் உடனுக்குடன் டேபிள் ஃபைலில் எழுதிவிடுவதில்லை, கொஞ்சம் மெமரியில் இருக்கும், கொஞ்சம் மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலில் இருக்கும். நீங்கள் ஒரு ஃபைலை முடித்து அடுத்ததற்குப் போவதற்குள் கவுண்டரில் இன்னொரு பில் விழுந்துவிட்டால் இரண்டு ஃபைலும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. திரும்பப் போடும்போது சர்வர் எழுந்திருக்கவே மறுக்கலாம்.

மைஎஸ்க்யூஎல்டம்ப் என்று கூடவே ஒரு புரோகிராம் வருகிறது, டேட்டாவை ஒரு ஃபைலாக எழுதித் தரும் (அதுதான் டம்ப்), அதைப் பயன்படுத்துங்கள். சிங்கிள்-டிரான்சாக்ஷன் ஆப்ஷனோடு ஓட்டினால் பில்லிங்கை நிறுத்தவே வேண்டாம், தொடங்கிய நிமிடத்தில் இருந்த கணக்கு அப்படியே வரும். ஆனால் டேபிள்கள் இன்னோடிபி என்ற சேமிப்பு முறையில் இருந்தால்தான். பழைய சாஃப்ட்வேர்களில் மைஐஸாம் என்ற வேறு முறை டேபிள்கள் இன்னும் உண்டு, விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரொட்டீன்ஸ் (டேட்டாபேஸுக்குள் சேமித்த குட்டி புரோகிராம்கள்), ஈவென்ட்ஸ் (நேரப்படி தானாக ஓடும் வேலைகள்) ஆப்ஷன்களையும் சேர்க்கச் சொல்லுங்கள், இவை தானாக வராது.

பென் டிரைவைக் கம்ப்யூட்டரிலேயே செருகி வைக்காதீர்கள், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். அப்புறம், வேளச்சேரிக்காரருக்கு 2015, 2023 டிசம்பரையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. கவுண்டருக்கு அடியில் சர்வர், அதே மேசை டிராயரில் பேக்கப் என்றால் இரண்டும் ஒன்றாகத்தான் மூழ்கும். ஒரு காப்பி கிளவுடிலோ வேறு ஏரியாவில் சொந்தக்காரர் வீட்டிலோ, பாஸ்வேர்டு போட்டு, இருக்கட்டும்.

முக்கியமான வேலை இனிமேல்தான். ஒரு பழைய லேப்டாப்பில் அதே வெர்ஷன் மைஎஸ்க்யூஎல்லைப் போட்டு டம்ப்பை ஏற்றிப் பாருங்கள். கடை சர்வரிலேயே ஏற்றிவிடாதீர்கள், டம்ப் ஃபைல் இருக்கிற டேபிளை அழித்துவிட்டுத்தான் புதிதாக உருவாக்கும்! ஏற்றியதும் கடைசி பில் நம்பர் வந்திருக்கிறதா, ஏதாவது ஒரு மாத்திரையின் ஸ்டாக் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள், நிஜமாகவே சர்வர் படுத்தால் அத்தனை நேரம் கையால் பில் எழுத வேண்டியிருக்கும்.

கே: கிண்டியில் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். மெயின் சர்வரின் டேட்டாவை உடனுக்குடன் நகலெடுக்கும் ரெப்ளிகா சர்வர் இருக்கும்போது பேக்கப் எதற்கு என்கிறார் மேனேஜர்.

ப: எந்த வரிகளை அழிக்க வேண்டும் என்று சொல்லும் WHERE பகுதியைப் போடாமல் யாராவது ஒரு டெலீட் கட்டளை கொடுத்துவிட்டால் என்னாகும் என்று கேளுங்கள், ரெப்ளிகாவிலும் சில நொடிகளில் துடைத்துவிடும். டிஸ்க் போனால் ரெப்ளிகா கைகொடுக்கும், கை தவறினால் கொடுக்காது. அதற்கு நேற்றிரவு டம்ப்பும் அதன் பிறகான பைனரி லாக்கும் (டேட்டாவில் நடந்த மாற்றங்களை வரிசையாகப் பதியும் ஃபைல்) வேண்டும்: 3.10க்குத் தவறு நடந்தால் டம்ப்பை ஏற்றி, 3.09 வரை நடந்ததை லாக்கிலிருந்து மறுபடி ஓட்டலாம். மைஎஸ்க்யூஎல் 8.0இல் பைனரி லாக் தானாகவே ஆனாகியிருக்கும், மாற்றாத வரை 30 நாள் வைத்திருக்கும். அதையும் வேறு இடத்துக்குக் காப்பி எடுங்கள்.

மேனேஜர் மசியாவிட்டால் புரோகிராம் கோடுகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தின் கதையைச் சொல்லுங்கள். 2017 ஜனவரி 31 அன்று ரெப்ளிகா என்று நினைத்து மெயின் சர்வரின் டேட்டாவை அழித்துவிட்டார்கள். தினசரி பேக்கப்பைத் தேடினால், டம்ப் புரோகிராமின் வெர்ஷன் பொருந்தாமல் அது எடுக்கப்படவே இல்லை, எச்சரிக்கை மெயிலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரம் முன்பு ஒரு இன்ஜினியர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்தான், அதாவது அந்த நேரத்து டேட்டாவின் நகல்தான், காப்பாற்றியது.

கே: டம்ப் ஃபைல் திடீரென்று பாதி சைஸுக்கு இறங்கிவிட்டது. ஏன்?

ப: ஃபைலின் கடைசி வரியில் டம்ப் முடிந்ததாகத் தேதியோடு இருக்கிறதா? இல்லையென்றால் பாதியில் அறுந்திருக்கிறது, முதலில் டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நேற்றைய ஃபைலை மட்டும் இப்போதைக்கு அழித்துவிடாதீர்கள்.