புகைக்கிற வீட்டில் வளரும் பிள்ளை: கேள்விகளுக்குப் பதில்

(கிளிநொச்சிப் பக்கம் நெடுநாள் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஆக வேலை செய்தவன் நான். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.)

மல்லாவி அம்மா: இவர் சிகரெட்டை விடமாட்டார். மகனுக்கு 11 வயது. அவனும் பழகிவிடுவானோ?

தங்கச்சி, பயம் நியாயமானது. தாய் தகப்பன் புகைத்தால் பிள்ளை பழகும் வாய்ப்புக் கூடும், அவர்கள் விட்டால் குறையும். இவர் விடும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில், மகனைக் கடைக்கு அனுப்பி சிகரெட் வாங்குவதை இன்றே நிறுத்துங்கள். நெருப்புப்பெட்டி எடுத்துக் கொடுப்பதும் வேண்டாம். சிகரெட் பெட்டியை அவன் கைக்கெட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள், முதல் சிகரெட் அங்கிருந்தும் போகலாம். தகப்பனே அவனிடம் சொல்லட்டும்: "நான் மாட்டுப்பட்டுவிட்டேன், விட முடியாமல் கஷ்டப்படுகிறேன், நீ தொடாதே." புகைக்கிறவர் சொன்னாலும் பிள்ளை கேட்கும். விட மனம் வந்தால், புகைத்தலை விட உதவும் தொலைபேசி இலக்கமான 1948க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

மாங்குளம் தம்பி: முற்றத்தில் நின்று பத்தினால் சரிதானே?

உள்ளே பத்துவதை விட மேல். ஆனால் பிள்ளை யன்னலால் பார்க்கிறது, சேர்ட்டில் மணமும் ஒட்டி வருகிறது.

புதுக்குடியிருப்புக் கடைக்காரர்: தகப்பனுக்குத்தான் என்று தெரிந்த பிள்ளைக்கு ஒன்று கொடுத்தால் என்ன?

குற்றம். புகையிலை, மதுசாரம் பற்றிய 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. யாருக்காக என்பது கணக்கில்லை.

அவரே மீண்டும்: நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்கும். வாடிக்கையும் போய்விடும்.

அண்ணை, வாடிக்கை போவது வலிக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் உங்களிடம் வந்த பிள்ளையைப் பற்றித்தான் கேட்கிறேன். தனிச் சிகரெட்டாக உருவிக் கொடுக்கும்போது பெட்டியின் 80 வீதத்தை மூடியிருக்கும் நோய்ப் படத்தைக்கூட அது காண்பதில்லை. மிட்டாய் வாங்குவது போல வாங்கிப் பழகுகிறது. "அப்பாவை வரச்சொல்" என்று அனுப்பிவிடுங்கள். இரண்டு தரம் நடக்க வேண்டி வந்தால் அவரும் யோசிப்பார்.

ஒட்டுசுட்டான் பெரியவர்: எங்கள் அப்பு 88 வயதுவரை சுருட்டுப் பத்தினாரே?

அவர் இருந்தார். இடையில் போனவர்களையும் எண்ணிப் பாருங்கள், ஐயா.

தருமபுரம் அக்கா: வெற்றிலையோடு புகையிலை?

அதுவும் புகையிலைதான், வாய்ப் புற்றுநோய் தரும். இரண்டு கிழமையில் ஆறாத புண் இருந்தால் பல் வைத்தியரிடம் போங்கள்.

முறிகண்டி தம்பி: பீடி வாங்க அனுப்பலாமா? சிகரெட் இல்லைத்தானே?

சிகரெட்டுக்குச் சொன்னதேதான் இதற்கும். பீடி வாங்கவும் பிள்ளையை அனுப்பாதீர்கள்.