எல்லாரும் வந்தாச்சு, ஆனாலும் 'ஹேஸ்'தான்!

கேள்வி: 'எவ்ரிபடி' என்றால் எல்லாரும். எல்லாரும் என்றால் பலர். அப்புறம் 'எவ்ரிபடி ஹேவ் கம்' எப்படித் தப்பாகும்?

பதில்: பொருளைப் பார்த்தால் நியாயம் உங்கள் பக்கம்தான். ஆனால் ஆங்கில வினை இங்கே பார்ப்பது சொல்லின் வாலை. 'எவ்ரிபடி'யின் வாலில் 'படி', 'எவ்ரிஒன்'னின் வாலில் 'ஒன்'. இரண்டும் ஒருமை. அதனால் 'எவ்ரிபடி ஹேஸ் கம்'. வாக்கியத்தைத் தொடங்கும்போது மனதில் 'எல்லாரும்' என்பதற்குப் பதில் 'ஒவ்வொருவரும்' என்று வைத்துக்கொள்ளுங்கள், முக்கால்வாசிக் குழப்பம் தீரும்.

எவ்ரி, சம், எனி, நோ என்ற நான்கு தலைகள். ஒன், படி, திங் என்ற மூன்று வால்கள். ஒட்டினால் வரும் 12 சொற்களும் ஒருமை வினையைத்தான் எடுக்கும். நடுவில் பன்மைப் பெயர் வந்து மறித்தாலும் ஏமாறக் கூடாது: 'எவ்ரிஒன் இன் தி த்ரீ டீம்ஸ் இஸ் ரெடி'. மூன்று அணிகள் இருந்தாலும் வினை பேசுவது 'எவ்ரிஒன்'னோடு.

ஒரு ஆறுதல். இஸ்-ஆர், வாஸ்-வெர், ஹேஸ்-ஹேவ், டஸ்-டூ, நிகழ்கால வினையின் கடைசி 'ஸ்' ஆகிய இடங்களில்தான் இந்தத் தவறு வெளியே தெரியும். 'எவ்ரிபடி கேம்', 'எவ்ரிபடி வில் கம்' என்று சொன்னால் ஒருமை, பன்மைப் பேச்சே இல்லை. கேள்வியில் மட்டும் கவனம்: 'டஸ் எனிஒன் வான்ட்ஸ் இட்?' தவறு. அந்த 'ஸ்'ஸை 'டஸ்' ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. 'டஸ் எனிஒன் வான்ட் இட்?' என்றால் போதும்.

கேள்வி: 'யாரும் வரவில்லை' என்பதை 'எனிபடி டிட் நாட் கம்' என்று எழுதினேன். அடித்துவிட்டார்கள். ஏன்?

பதில்: தமிழ் மனம் ஆங்கிலத்தில் சறுக்கும் இடங்களில் இது முக்கியமானது. தமிழில் மறுப்பு வினையில் உட்கார்ந்திருக்கிறது. 'யாரும்' என்பதில் மறுப்பு இல்லை, 'வரவில்லை'யில் இருக்கிறது. அதை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றினால் நீங்கள் எழுதியதுதான் வரும். ஆங்கிலத்தில் இந்த மறுப்பை எழுவாய்க்குள் ஏற்ற வேண்டும், வினை உடன்பாடாகவே நிற்கும்: 'நோபடி கேம்'.

'எனிபடி' மறுப்பு வாக்கியத்தில் வரவே கூடாது என்றில்லை. 'நாட்' முதலில் வந்துவிட வேண்டும், 'எனிபடி' அதன் பின்னால் வர வேண்டும், அவ்வளவுதான். 'ஐ டிடின்ட் ஸீ எனிபடி' சரியான வாக்கியம். மறுப்பே இல்லாமல் 'எனிபடி கேன் கம்' என்றால் 'யார் வேண்டுமானாலும் வரலாம்'. அங்கே அது தாராளமாக எழுவாயாக நிற்கும்.

திருத்தப் போய் 'நோபடி டிடின்ட் கம்' என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு மறுப்பும் ஒன்றையொன்று அடித்து, பொது ஆங்கிலத்தில் 'வராதவர் எவருமில்லை' என்றாகிவிடும். 'எவ்ரிபடி டிடின்ட் கம்' என்பதும் வில்லங்கம்: ஒருவர்கூட வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா? சிலர்தான் வரவில்லை என்றால் 'நாட் எவ்ரிபடி கேம்' என்று எழுதுங்கள், சந்தேகம் இருக்காது.

கேள்வி: 'நன் ஆஃப் தெம்' என்பதற்குப் பிறகு 'இஸ்' வருமா, 'ஆர்' வருமா?

பதில்: இரண்டும் வரும். 'நன்' என்பது 'ஒன்றுகூட இல்லை' என்பதிலிருந்து பிறந்த சொல், ஆகவே ஒருமைதான் என்று பிடிவாதமாகச் சொல்வோர் உண்டு. பழைய ஆங்கிலக் காலத்திலிருந்தே அது பன்மை வினையோடும் வந்திருக்கிறது. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் 'இஸ்' எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எண்ண முடியாத பொருளுக்கு மட்டும் தேர்வே கிடையாது: 'நன் ஆஃப் தி வாட்டர் இஸ் க்ளீன்'.

ஆல், சம், மோஸ்ட், எனி ஆகியவற்றுக்கு 'ஆஃப்' தாண்டி நிற்கும் பெயரைப் பாருங்கள். 'சம் ஆஃப் தி மில்க் இஸ்', 'சம் ஆஃப் தி எக்ஸ் (முட்டைகள்) ஆர்'. போத், ஃப்யூ, மெனி, செவரல் எப்போதும் பன்மை.

கேள்வி: 'ஈச்' எப்போது ஒருமை, எப்போது பன்மை?

பதில்: அது நிற்கும் இடம்தான் கணக்கு. முன்னால் நின்றால் ஒருமை: 'ஈச் ஆஃப் தி கேர்ள்ஸ் ஹேஸ் எ கீ'. பன்மை எழுவாய்க்குப் பின்னால் போய்விட்டால் வினை அந்த எழுவாயைத்தான் கேட்கும்: 'தி கேர்ள்ஸ் ஈச் ஹேவ் எ கீ'. 'நெய்தர் ஆஃப் தெம்' எழுத்தில் ஒருமை, பேச்சில் 'ஆர்' என்றும் காதில் விழும்.

கேள்வி: 'எவ்ரிஒன் ஹேஸ் கம், ஹேவன்ட் தே?' என்று ஒரு நூலில் படித்தேன். முன்னால் ஒருமை, பின்னால் பன்மையா? அச்சுப்பிழையா?

பதில்: பிழையில்லை. வினை ஒருமை, அதே ஆளைத் திரும்பக் குறிக்கும் சொல் 'தே'. ஒருவரைக் குறிக்கும் இந்தத் 'தே' 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் உண்டு. அமெரிக்க உளவியல் கழகத்தின் நடைக் கையேடு 2019இல் வந்த ஏழாம் பதிப்பில் இதை ஏற்றுக்கொண்டது. வாலில் ஒட்டும் கேள்வியில் ஆளுக்குத் 'தே', பொருளுக்கு 'இட்': 'நத்திங் ஹேப்பன்ட், டிட் இட்?' இங்கே 'டிடின்ட்' வராததைக் கவனியுங்கள். 'நத்திங்'குக்குள்ளேயே மறுப்பு இருப்பதால் வால் உடன்பாடாகிறது. 'நோபடி கால்ட், டிட் தே?' என்பதும் அப்படித்தான்.

ஒருவருக்கும் 'தே' என்பதற்காக ஆங்கிலத்தைக் கோபிக்க நமக்கு உரிமையில்லை. வாசலில் மணி அடித்தால் 'யாரோ வந்திருக்காங்க' என்கிறோம். வந்தவர் ஒருவரா, நால்வரா, ஆணா, பெண்ணா, எதுவும் தெரியாமலேதான்.